நாலு பேர் சேர்ந்து இறக்கிய விமானம்: கேப்டன் ஆல் ஹேன்ஸின் வாழ்க்கை

2019 ஆகஸ்ட் 25 அன்று சியாட்டிலில் ஆல் ஹேன்ஸ் காலமானார். இன்னும் ஆறு நாள் இருந்திருந்தால் 88 வயது நிறைந்திருக்கும். அமெரிக்கக் கடற்படை மரீன் பிரிவில் போர் விமானியாகப் பயிற்சி பெற்றவர், யுனைடெட் ஏர்லைன்ஸில் 35 வருடம் ஓட்டியவர். ஆனால் உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது 44 நிமிடத்துக்காகத்தான். 1989 ஜூலை 19 அன்று, மாலை 3.16 மணியிலிருந்து 4 மணி வரை, கட்டுப்பாட்டை முழுக்க இழந்த ஒரு பயணிகள் விமானத்தை அவர் தரைக்குக் கொண்டுவந்த நேரம் அது.

அந்த 44 நிமிடத்தை ஒரு தனி மனிதரின் வீரமாகச் சொல்லிவிடுவது சுலபம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. அவர் கடைசி வரை அதை மறுத்துக்கொண்டே இருந்தார். வெறும் தன்னடக்கத்தால் மறுத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த விமானி அறையில் என்ன நடந்தது என்று விவரமாகப் பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி என்று புரியும். அந்தக் கதையில் விமானத்தை ஓட்டிய திறமையை விட, தன் அறைக் கதவை அவர் திறந்துவிட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1931-இல் டெக்சாஸ் மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் பிறந்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1952-இல், கடற்படையின் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. மரீன் விமானியாக 1956 வரை இருந்துவிட்டு அதே வருடம் யுனைடெட்டில் சேர்ந்தார். அந்தக் காலத்து அமெரிக்க விமானிகள் பலருடைய வழியும் இதேதான். ராணுவத்தில் பறக்கக் கற்றுக்கொண்டு, வெளியே வந்து பயணிகள் விமானத்தில் ஏறுவார்கள். பழக்கமும் கூடவே வரும். கேப்டன் சொன்னால் அது முடிந்த பேச்சு. பக்கத்து இருக்கையில் இருக்கும் துணை விமானிக்குச் சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்கத் தயங்குவார்.

இந்தத் தயக்கத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று 1970-களில் தெரிந்தது. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனியில் ஒரு கேஎல்எம் ஜம்போ அனுமதி இல்லாமலே ஓடுபாதையில் வேகமெடுத்தது. எதிரே இருந்த பான் ஆம் ஜம்போ இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 28 அன்று, போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட்டின் டிசி-8 ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே கேப்டன் மூழ்கிவிட்டார். எரிபொருள் குறைகிறது என்று மற்றவர்கள் ஜாடைமாடையாகச் சொன்னார்கள். உறைக்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் புறநகரில் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் நாசா 1979-இல் ஒரு பயிலரங்கு கூட்டியது. 1980-களின் தொடக்கத்தில் யுனைடெட் தன் விமானிகள் எல்லோருக்கும் புதிய பயிற்சி ஒன்றைக் கட்டாயமாக்கியது. இன்று உலகம் முழுக்க அதை சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்கிறார்கள். விஷயம் எளிமையானதுதான். கேப்டன் தலைவர்தான், கடைசி முடிவும் அவருடையதுதான். ஆனால் அறையில் இருக்கும் ஒவ்வொரு மூளையையும் பயன்படுத்துவது அவர் கடமை. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது மற்றவர்களின் கடமை. பழைய விமானிகள் பலருக்கு ஆரம்பத்தில் இது கசந்தது. ஹேன்ஸ் அப்போதே சுமார் 25 வருட அனுபவம் உள்ளவர். 1980 வரை கேப்டன் வாக்கே வேதவாக்கு என்றுதான் வேலை செய்தோம், அதனால் சில விமானங்களை இழந்தோம் என்று பிற்பாடு வெளிப்படையாகவே பேசினார்.

சரி, அந்த நாளுக்கு வருவோம்.

யுனைடெட் 232. டென்வரிலிருந்து சிகாகோ வழியாக ஃபிலடெல்ஃபியா போகும் டிசி-10 விமானம். உள்ளே 296 பேர், அவர்களில் 52 பேர் குழந்தைகள். விமானி அறையில் மூன்று பேர்: கேப்டன் ஹேன்ஸ், துணை விமானி வில்லியம் ரெக்கர்ட்ஸ், ஃப்ளைட் இன்ஜினியர் டட்லி ட்வோராக். 37,000 அடி உயரம், தெளிவான வானம். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அயோவா மாநிலத்து வயல்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது பின்னால் குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

டிசி-10-க்கு மூன்று இன்ஜின்கள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலில் ஒன்று. வால் இன்ஜினின் முன்பக்கம் சுழலும் டைட்டானியத் தட்டு உடைந்து சிதறியது. அந்தத் தட்டு செய்யப்பட்டது 1971-இல். உலோகத்தை உருக்கும்போதே உள்ளே ஒரு சின்னக் குறை புகுந்துவிட்டது. 15,503 தடவை பறந்து இறங்கியதில் அந்தக் குறையிலிருந்து ஒரு விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது. இடையில் நடந்த பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டியது, படாமல் போனது.

ஒரு இன்ஜின் போனால் டிசி-10-க்கு ஒன்றும் ஆகாது. இரண்டு போதும். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பெரிய விமானத்தின் இறக்கைத் தட்டுகளையும் வால் தட்டுகளையும் மனித பலத்தால் அசைக்க முடியாது. குழாய்களில் அழுத்தத்தோடு ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் அவற்றை அசைக்கிறது. டிசி-10-இல் இப்படி மூன்று தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் போக வாய்ப்பே இல்லை என்று நம்பினார்கள். அதனால் அப்படி நடந்தால் என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் மூன்று அமைப்புகளின் குழாய்களும் வால் இன்ஜினுக்குக் கீழே ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. சிதறிய துண்டுகள் அங்கே பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்று அழுத்தமானிகளும் பூஜ்யத்தில் நின்றன.

"ஆல், என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை" என்றார் ரெக்கர்ட்ஸ். ஹேன்ஸ் திரும்பிப் பார்த்தார். ரெக்கர்ட்ஸ் ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்பி, முழுக்கத் தன் மடிக்கு இழுத்து வைத்திருந்தார். பறக்கும் விமானத்தில் எந்த விமானியும் அப்படிச் செய்ய மாட்டார். அப்படிச் செய்தும் விமானம் வலப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஹேன்ஸ் வாங்கிக்கொண்டார். தன் வாழ்க்கையிலேயே அதைவிட முட்டாள்தனமான வார்த்தையைச் சொன்னதில்லை என்று பிற்பாடு அவரே சொல்வார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை. சாய்வு 38 டிகிரி வரை போனது. இன்னும் கொஞ்சம் போனால் விமானம் கவிழ்ந்திருக்கும். அந்த நொடியில் இடப்பக்க இன்ஜினின் த்ராட்டிலை, அதாவது இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, பின்னுக்கு இழுத்து, வலப்பக்கத்தை முன்னே தள்ளினார். வலப்பக்கம் வேகம் கூடியதும் அந்த இறக்கை மெல்ல மேலே எழும்பியது. இரண்டு இன்ஜின்களை வைத்தே விமானத்தைத் திருப்பலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

திருப்பலாம், அவ்வளவுதான். மேலும் கீழும் போவதுதான் பெரிய தலைவலி. கட்டுப்பாடு இல்லாத விமானம் அலை மாதிரி ஏறி இறங்கும். மூக்கு தாழும், வேகம் கூடும். வேகம் கூடினால் இறக்கை அதிகமாகத் தூக்கும், மூக்கு மேலே போகும். மேலே போனால் வேகம் குறைந்து மறுபடி தாழும். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிடம். இதை அடக்க விமானியின் உள்ளுணர்வுக்கு நேர் எதிராக வேலை செய்ய வேண்டும். விமானம் தலைகுப்புற வேகமெடுக்கும்போது இன்ஜினைக் கூட்ட வேண்டும். மேலே ஏறி வேகம் குறையும்போது இன்ஜினைக் குறைக்க வேண்டும். அதுவும் முன்கூட்டியே. ஏனென்றால் இப்போது த்ராட்டிலைத் தள்ளினால் அதன் பலன் பல நொடிகள் கழித்துத்தான் தெரியும்.

தரையிலிருந்த பராமரிப்பு மையத்தோடு ட்வோராக் ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தார். மூன்று அமைப்புகளும் போய்விட்டன என்றால் அவர்களால் நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். அவர்களிடமும் சொல்வதற்கு எதுவும் இல்லை.

அப்போது ஒரு விமானப் பணிப்பெண் தகவல் கொண்டுவந்தார். முதல் வகுப்பில் டென்னிஸ் ஃபிட்ச் என்ற யுனைடெட் விமானி பயணியாக உட்கார்ந்திருக்கிறார். டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், உதவ முடியுமா என்று கேட்கிறார். நான்கு வருடம் முன்பு ஜப்பானில் ஒரு ஜம்போ இதே மாதிரி ஹைட்ராலிக் முழுவதையும் இழந்து மலையில் மோதி 520 பேர் இறந்திருந்தார்கள். அந்த நிலைமையை ஃபிட்ச் சிமுலேட்டரில் (விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சி இயந்திரத்தில்) ஓட்டிப் பார்த்தவர். ஹேன்ஸுக்கு அது தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பயிற்றுநர் என்பவர் மற்ற விமானிகளைச் சோதித்து மதிப்பெண் போடுகிறவர். கை நழுவிப் போய்க்கொண்டிருக்கும் விமானத்தில், அப்படி ஒருவரை அறைக்குள் விடுவது பழைய காலத்து கேப்டன் ஒருவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஹேன்ஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வரச் சொல்லுங்கள் என்றார். ஃபிட்ச் வந்ததும், இறக்கைத் தட்டுகள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். எதுவுமே அசையவில்லை என்று ஃபிட்ச் திரும்பி வந்து சொன்னார். ஹேன்ஸும் ரெக்கர்ட்ஸும் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், இரண்டு த்ராட்டில்களையும் ஃபிட்ச் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் மண்டியிட்டு, கைக்கு ஒரு த்ராட்டிலாகப் பிடித்துக்கொண்டு ஃபிட்ச் ஓட்ட ஆரம்பித்தார்.

அறிமுகமே அதற்கப்புறம்தான் நடந்தது. குரல் பதிவில் அது இருக்கிறது. என் பெயர் ஆல் ஹேன்ஸ் என்கிறார் இவர். நான் டென்னி ஃபிட்ச், இதெல்லாம் முடிந்ததும் ஒரு பீர் குடிப்போம் என்கிறார் அவர். எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை, ஆனால் இன்றைக்குக் கட்டாயம் குடிப்பேன் என்கிறார் ஹேன்ஸ்.

அந்தக் குரல் பதிவை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 31 தகவல் பரிமாற்றங்கள், உச்சத்தில் ஒரு நிமிடத்துக்கு 59. நொடிக்கு ஒன்று. யாரோ ஒருவர் கேட்கிறார், யாரோ பதில் சொல்கிறார், யாரோ ஒரு யோசனை வைக்கிறார். நாலு பேரில் யாரும் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இவ்வளவு பேச்சு தானாக நடந்துவிடாது. பேசலாம் என்ற தைரியத்தை கேப்டன் கொடுத்தால்தான் நடக்கும். அந்த நால்வருக்கும் சேர்த்து மொத்தம் 103 வருடப் பறக்கும் அனுபவம் இருந்தது, அதில் ஒரு நிமிடம்கூட இப்படி ஒரு விமானத்தை ஓட்டிய அனுபவம் இல்லை, நான் மட்டும் எல்லாம் தெரிந்தவன் ஆகிவிடுவேனா என்று பின்னாளில் தன் உரைகளில் ஹேன்ஸ் கேட்பார்.

பக்கத்தில் இருந்த விமான நிலையம் சூ சிட்டி. விமானம் வலப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்ததால், பெரிய பெரிய வட்டங்களாகச் சுற்றிச் சுற்றித்தான் அங்கே போக முடிந்தது. தரைக் கட்டுப்பாட்டில் இருந்த கெவின் பாக்மன் நிதானமான குரலில், எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தார். ஹேன்ஸ் சிரித்துவிட்டார். ஓடுபாதைதான் வேண்டும் என்று இவ்வளவு கறாராகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். சாவு பக்கத்தில் நிற்கும்போது வந்த அந்தச் சிரிப்பு, அறையில் இருந்த மற்ற மூவருக்கும் ஒரு மூச்சு விட இடம் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

9,000 அடி நீள ஓடுபாதையைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் விமானம் நேராக வந்துகொண்டிருந்தது, மூடிக் கிடந்த 6,600 அடி நீளப் பழைய ஓடுபாதையை நோக்கி. அதன் மேல் தீயணைப்பு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அவசர அவசரமாக விலக்கினார்கள். இறங்குவதற்கு முன்பு ட்வோராக் தன் இருக்கையை ஃபிட்சுக்குக் கொடுத்துவிட்டு உபரி இருக்கைக்கு மாறினார். த்ராட்டில் பிடிக்கிறவர் பெல்ட் போட்டு உட்கார வேண்டும் அல்லவா.

டிசி-10 சாதாரணமாகச் சுமார் 140 நாட் வேகத்தில் இறங்கும். அன்றைக்கு 215 நாட், மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 1,600 அடிக்கு மேல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு. கடைசி சில நூறு அடியில், மறுபடி அந்த அலையின் தாழ்வு வந்தது. சரி செய்ய நேரமே இல்லை. வலது இறக்கையின் நுனி முதலில் தரையில் மோதியது. விமானம் உடைந்து, உருண்டு, தீப்பிடித்து, ஒரு பகுதி பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய்த் தலைகீழாக நின்றது.

112 பேர் இறந்தார்கள். அரசு அறிக்கையில் 111 என்றுதான் இருக்கும். ஒருவர் 31-வது நாளில் இறந்தார், 30 நாளுக்குள் இறந்தால்தான் விபத்துச் சாவு என்பது விதி. 184 பேர் பிழைத்தார்கள். விமானி அறை தனியாகப் பிய்ந்து, இடுப்பளவு உயரத்துக்கு நசுங்கிக் கிடந்தது. அது விமானி அறை என்றே யாருக்கும் தெரியவில்லை. 35 நிமிடம் மீட்புப் பணியாளர்கள் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஹேன்ஸ் மூன்றே மாதத்தில் மறுபடி பறக்கப் போனார். 1991-இல், சட்டப்படி 60 வயதில், ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய இரண்டாவது வேலை தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய் அந்த நாளைப் பற்றிப் பேசினார். ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டங்கள். விமானிகளிடம் மட்டும் இல்லை, மருத்துவமனைகளிலும் தீயணைப்புத் துறையிலும் அணுமின் நிலையங்களிலும் பேசினார். பிழைத்ததற்கு ஐந்து காரணங்கள் சொல்வார்: அதிர்ஷ்டம், தகவல் தொடர்பு, முன்தயாரிப்பு, செயல், ஒத்துழைப்பு. அதிர்ஷ்டத்தை முதலில் வைத்ததுதான் எனக்குப் பிடித்தது. பகல் நேரம், மேகமில்லாத வானம், கீழே சமதரை. உள்ளூர் மருத்துவமனைகளில் அது ஷிஃப்ட் மாறும் நேரம், அதனால் டாக்டர்களும் நர்ஸ்களும் இரண்டு மடங்கு இருந்தார்கள். விமான நிலையத்திலேயே தேசியக் காவல் படையின் 285 பேர் பணியில் இருந்தார்கள். முன்தயாரிப்பும் பெயரளவுக்கு இல்லை. இரண்டு வருடம் முன்பு அந்த ஊர்க்காரர்கள் பெரிய விமானம் ஒன்று விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்து, குறைகளைத் திருத்தி வைத்திருந்தார்கள்.

இதே சம்பவத்தைப் பிறகு அனுபவசாலி விமானிகளை வைத்து சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். பத்திரமாக இறக்க யாராலும் முடியவில்லை. இதற்கென்று ஒரு பயிற்சி கொடுக்கவே முடியாது என்று விசாரணை அமைப்பு முடிவு கட்டியது. மாற்ற முடிந்ததை மாற்றினார்கள். டிசி-10-இல் குழாய் உடைந்தாலும் எண்ணெய் முழுக்க வெளியேறாமல் தடுக்கும் வால்வு வந்தது. நாசா பொறியாளர்கள் இன்ஜின்களை மட்டும் வைத்து விமானத்தை இறக்கும் கணினி மென்பொருளை உருவாக்கி, 1995-இல் எம்டி-11 என்ற பெரிய விமானத்தை அப்படியே தரையிறக்கிக் காட்டினார்கள். 2003-இல் பாக்தாத் மேலே ஏவுகணை பட்டு ஹைட்ராலிக் முழுக்கப் போன டிஎச்எல் சரக்கு விமானத்தை, அதை ஓட்டிய மூன்று பேரும் அந்த மென்பொருள் இல்லாமலே, வெறும் த்ராட்டிலை வைத்துப் பத்திரமாக இறக்கினார்கள்.

இன்னும் மாறாத ஒன்றும் உண்டு. இருக்கை வாங்காமல் பெற்றோர் மடியில் வந்த குழந்தைகள் நாலு பேர் அன்று இருந்தார்கள். தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், கையேட்டில் இருந்தபடி, அவர்களைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு குழந்தை இறந்தது. கைக்குழந்தைக்கும் தனி இருக்கையும் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும் என்று அதற்குப் பிறகு பல வருடம் அவர் போராடினார். அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துப் பறக்க இன்றும் அனுமதி இருக்கிறது.

ஹேன்ஸின் சொந்த வாழ்க்கையில் துக்கம் இதோடு முடியவில்லை. இறந்த 112 பேரின் பாரம் அவரோடு கூடவே இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. 1996-இல் மூத்த மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனார். 1999-இல் மனைவி. நோயில் விழுந்த மகளுக்கு அப்புறம் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. பெரிய செலவு. விஷயம் வெளியே தெரிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பணம் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் அன்றைக்கு அந்தச் சோளக்காட்டிலிருந்து நடந்து வெளியே வந்த பயணிகளும் இருந்தார்கள்.